இரண்டு மாதமாக விடாத ஒரு பக்கத் தொண்டை வலி: கேன்சரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டவர் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர், வயது 46. இரண்டு மாதமாகத் தொண்டையின் இடது பக்கம் மட்டும் வலி. எச்சில் விழுங்கினால் குத்துகிறது, சில நாள் இடது காதுக்குள்ளும் வலிக்கிறது. மருந்துக் கடையில் ஒரு தடவை, கிளினிக்கில் ஒரு தடவை என்று இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. பீடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வெத்தலை பாக்கு உண்டு, கூடவே எப்போதாவது போயிலையும். செல்போனில் தேடிப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. “இது கேன்சருங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க” என்பது கேள்வி.

அதை எழுத்தில் யாராலும் சொல்ல முடியாதுங்க. சொல்லக்கூடியது இதுதான். ஒரு பக்கத் தொண்டை வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கேன்சர் இருப்பதில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் நான்கு சேர்ந்து நிற்கின்றன: மூன்று வாரம் தாண்டிய வலி, மாறாத ஒரே பக்கம், காதுக்கு ஏறும் வலி, புகையிலைப் பழக்கம். இந்த நான்கும் சேர்ந்தால் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஸ்கோப் (மூக்கு வழியே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்) வைத்து அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே பார்க்க வேண்டும். மூன்றாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

மூன்று வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மனம் கொஞ்சம் தெளியும். சளிக் காய்ச்சலோடு வரும் தொண்டை வலி ஒரு வாரத்தில் அடங்கும். டான்சில் பழுத்து வரும் வலி மருந்து எடுத்தால் ஏழு முதல் பத்து நாளில் தீரும். வாய்ப்புண், கடித்துக்கொண்ட காயம் இவையெல்லாம் இரண்டு வாரத்தில் ஆறும், ஏனென்றால் வாய்த் தோல் உடம்பிலேயே வேகமாக ஆறுகிற இடங்களில் ஒன்று. அதையும் தாண்டி நிற்கிற வலிக்கு ஆறவிடாமல் செய்யும் ஏதோ ஒன்று அங்கேயே இருக்கிறது. அது கல்லாக இருக்கலாம், பல்லாக, எலும்பாக, நரம்பாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் கொடுக்கும் மருந்து குருட்டு மருந்துதான்.

ஒரு பக்கம் என்பதும் முக்கியமான தடயம். வைரஸ், வயிற்று அமிலம், தறிப்பட்டறையின் பஞ்சுத் தூசி ஆகியவை தொண்டை முழுவதையும் எரிச்சலாக்கும்; இடது பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்காது. அதனால் “பட்டறைத் தூசிங்க, வேறொன்னுமில்ல” என்ற சமாதானம் இந்த வலிக்குப் பொருந்தாது. தூசியால் தொண்டை வறளும், செருமல் வரும், குரல் கம்மும். ஒரே இடத்தில் இரண்டு மாதம் குத்தாது.

இனி, வலி எங்கே என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

தாடைக் கோணத்துக்கு உள்ளே, வாயைத் திறந்தால் பக்கவாட்டில் தெரிகிற இடம் டான்சில். அதன் குழிகளில் உணவுத் துகளும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து இறுகினால் வெள்ளை அல்லது மஞ்சள் கல் உண்டாகும். முள் குத்திய உணர்வு, ஒரு பக்க வலி, காது வலி, கெட்ட வாடை எல்லாம் அதனால் வரும். ஊக்கு, இயர் பட் கொண்டு தோண்டாதீர்கள். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், தோண்டிய காயத்தில் சீழும் வைக்கும். டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டினால் படம் வேறு: கடும் காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுவது, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை.

கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதி முளைத்து நிற்கும் பல்லின் மேல் ஈறு மடிந்து மூடியிருக்கும். அதற்கடியில் சோறு அடைந்து பழுக்கும். வலி தொண்டையில் இருப்பதாகவே தோன்றும், காதுக்கும் ஏறும். ஆன்டிபயாடிக் எடுத்தால் பத்து நாள் நிற்கும், பிறகு அதே வலி திரும்பும். இந்த “வந்து போகும்” ஓட்டம் பல்லின் அடையாளம். பல் டாக்டரிடம் முழுத் தாடை எக்ஸ்ரே, அதாவது ஓ.பி.ஜி., எடுத்தால் ஒரே படத்தில் தெரிந்துவிடும். உடைந்த பல்லின் கூர்முனை நாக்கின் பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தாலும் இப்படி வலிக்கும். முனையை ராவி மழுக்கிவிட்டு இரண்டு வாரம் பார்ப்பார்கள். அதற்குள் புண் ஆறவில்லை என்றால் அதிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

தாடைக்குக் கீழே, சாப்பிடும்போது மட்டும், குறிப்பாகப் புளியோ எலுமிச்சையோ வாயில் பட்டவுடன் வீங்கி வலித்து, ஒரு மணி நேரத்தில் வடிந்தால் அது எச்சில் சுரப்பிக் கல். தலையைத் திருப்பும்போதும் விழுங்கும்போதும் எலும்பு ஒன்று உள்ளே உரசுவதாகத் தோன்றினால் ஈகிள் சின்ட்ரோம் என்பதை நினைக்க வேண்டும். காதுக்குக் கீழிருந்து தொண்டைப் பக்கம் இறங்கும் ஊசி போன்ற ஸ்டைலாய்டு எலும்பு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருப்பது அது. டான்சில் பள்ளத்தில் விரலால் அழுத்தினால் அதே வலி அச்சு அசலாக எழும். ஆனால் ஸ்கேனில் நீளமான எலும்பு இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய. எனவே ரிப்போர்ட்டில் “நீளம் அதிகம்” என்று இருப்பதை மட்டும் வைத்து ஆபரேஷனுக்குப் படுக்கக் கூடாது. மற்ற காரணங்கள் இல்லை என்று ஆன பிறகே அந்தப் பேச்சு.

கரண்ட் அடித்தது போல நொடிக்கணக்கில் வெட்டி மறையும் வலி, அதுவும் குளிர்ந்த தண்ணீர் குடித்தாலோ கொட்டாவி விட்டாலோ வந்தால், அது தொண்டை நரம்பின் வலி. அதற்குத் தனி மாத்திரை உண்டு, டாக்டர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதி தொட்டாலே வலித்து, அதற்குச் சில வாரம் முன்பு காய்ச்சல் வந்துபோயிருந்தால் தைராய்டு வீக்கத்தைப் பார்ப்பார்கள்.

மேட்டூர், பவானிசாகர் அணை மீன் சாப்பிடும் ஊர் நம்முடையது. கெண்டை வகை மீன்களில் கவைமுள் அதிகம். வலி ஒரு குறிப்பிட்ட சாப்பாட்டு வேளையில் சட்டென்று ஆரம்பித்தது என்று நினைவிருந்தால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முள் சிக்கியபோது சோற்று உருண்டை, வாழைப்பழம் விழுங்கி இறக்கப் பார்ப்பது தவறு. முள் இறங்குவதற்குப் பதில் நாக்கடியிலோ (நாக்கின் பின்வேர்ப் பகுதி) டான்சிலிலோ இன்னும் ஆழமாகப் புதையும்.

அமிலம் மேலே வருவதால் உண்டாகும் தொல்லை பெரும்பாலும் நடுத்தொண்டையில் இருக்கும்: காலையில் செருமல், ஏதோ உருண்டை அடைத்த உணர்வு. சாப்பிடும்போது அந்த உருண்டை காணாமல் போகும், வெறும் எச்சில் விழுங்கும்போதுதான் தெரியும். கேன்சரில் நேர்மாறு, சாப்பாடு விழுங்கும்போதுதான் கஷ்டம் அதிகம்.

காது வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. டான்சிலுக்கும் நாக்கடிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. குரல்வளைக்கும் அதன் பக்கத்துப் பள்ளங்களுக்கும் வரும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாய்த் தோலுக்குப் போகிறது. ஆகவே தொண்டையில் எழும் வலியை மூளை காது வலியாகப் படிக்கும். காதைப் பார்த்துவிட்டு “காது நல்லா இருக்கு” என்று அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. காது நன்றாக இருந்தும் காது வலிக்கிறது என்றால் தொண்டையைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே நேரம் பல்லும் தாடை மூட்டும்கூட வேறொரு நரம்பு வழியாகக் காதுக்கு வலியை அனுப்பும். நடைமுறையில் காதுக்கு ஏறும் வலிக்குப் பல், தாடை மூட்டு, டான்சில் ஆகியவையே அதிகம் காரணமாகின்றன. காது வலி வந்துவிட்டது என்பதே தீர்ப்பு ஆகாது.

கேன்சர் என்றால் எப்படி நடந்துகொள்ளும்? அது வந்து போகாது. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முதலில் பரோட்டா, தோசை சிக்கும். பிறகு சந்தகை, களி. கடைசியில் கஞ்சிதான் இறங்கும். கெட்டியானதில் தொடங்கி நீர்த்ததுக்கு வரும் இந்த வரிசை மிக முக்கியம். எச்சிலில் ரத்தக் கோடு, மூன்று வாரமாகத் தெளியாத குரல் கம்மல், முயற்சி செய்யாமலே எடை குறைவது, நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் சாய்வது, ஆறாத புண், வாயில் சிவப்புத் திட்டு அல்லது சிவப்பும் வெள்ளையும் கலந்த திட்டு, ஒரு டான்சில் மட்டும் மற்றதைவிடப் பெரிதாகிக்கொண்டே போவது ஆகியவை மற்ற அடையாளங்கள். தாடைக் கோணத்துக்குக் கீழே வலிக்காத, கெட்டியான கழலை மூன்று வாரம் தாண்டியும் கரையாமல் நின்றால், தொண்டையில் வலியே இல்லாவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். எச்.பி.வி. என்ற வைரஸால் டான்சிலிலும் நாக்கடியிலும் வரும் கேன்சர் பல சமயம் இப்படிக் கழுத்துக் கழலையாகத்தான் முதலில் தலைகாட்டும். பீடி, போயிலை தொடாதவர்களுக்கும் வரும்.

மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காமல் எச்சில் வழிந்தாலோ, வாயிலிருந்து ரத்தம் கொட்டினாலோ ஓ.பி. சீட்டுக்கு நிற்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாக்கு விஷயத்தில் நம் ஊரில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு: “போயிலை இல்லாம வெறும் வெத்தலை பாக்குதானுங்களே, அது செரிமானத்துக்கு நல்லதுதானே?” சீர்த் தட்டிலும் கோயில் தாம்பூலத்திலும் வைக்கிற பொருளைக் கெட்டது என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, போயிலை சேர்க்காத வெத்தலை பாக்கும் கொட்டைப் பாக்கும் மனிதருக்குக் கேன்சர் உண்டாக்குபவை என்று 2004-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே உறுதி செய்துவிட்டது. பாக்கு வாய்த் தோலுக்கு அடியில் நாரை வளர்த்து இறுக்கும். முதல் அறிகுறி, மிளகாய்க் காரம் முன்பு போலத் தாங்காமல் எரிவது. அடுத்து, வாய் திறப்பு குறைவது. இதைப் பார்க்க எளிய வழி: உங்கள் சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹான்ஸ், கூல் லிப் போன்றவை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்றாலும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கி வைக்கும் அதே கன்னத்தில்தான் பின்னால் புண் வருகிறது.

பீடியை விட்டது நல்ல காரியம். ஆபத்து வருஷத்துக்கு வருஷம் குறையும், ஆனால் மூன்று வருஷத்தில் முழுவதும் அழிந்துவிடாது. குடிப் பழக்கமும் புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

சரியான பரிசோதனை என்றால் முதலில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, நாக்கை ஒதுக்கி, கன்னம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடி, டான்சில் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அடுத்து கையுறை போட்ட விரலால் டான்சிலையும் நாக்கின் பின்பகுதியையும் தடவிப் பார்க்க வேண்டும். குமட்டும், ஐந்து நொடிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாக்கடியில் தோலுக்குள் புதைந்து வளரும் கட்டி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குக் கல் போலத் தட்டுப்படும். இந்தத் தடவிப் பார்த்தலை விட்டுவிடுவது பெரிய குறை. பிறகு உங்களுக்குப் பின்னால் நின்று கழுத்தை இரு பக்கமும் ஒப்பிட்டு அழுத்திப் பார்ப்பார்கள்.

அதன் பிறகு ஸ்கோப். மூக்கில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து ஐந்து பத்து நிமிஷம் உட்கார வைப்பார்கள். 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வளையும் குழாய் மூக்கு வழியே உள்ளே போகும். மயக்கம் தேவையில்லை, உட்கார்ந்தபடியே சில நிமிஷத்தில் முடிந்துவிடும். வாயால் மூச்சு வாங்காமல் மூக்கால் மெதுவாக இழுத்தால் குமட்டல் குறையும். நாக்கை நீட்டச் சொன்னால் நாக்கடி தெரியும். “ஈ” என்று இழுக்கச் சொன்னால் குரல்நாண் இரண்டும் சேர்கிறதா என்று தெரியும். வாயை மூடிக் கன்னத்தை உப்பச் சொன்னால் குரல்வளையின் இரு பக்கமும் இருக்கும் பைரிஃபார்ம் பள்ளங்கள் விரியும். அந்தப் பள்ளத்தில் வரும் கட்டி வெகுநாள் ஒளிந்திருக்கும். ஒரு பக்கத் தொண்டை வலியும் காது வலியும்தான் அதன் முதல் குரல். அதனால் கன்னத்தை உப்பும் அந்த ஒரு நிமிஷம் வீண் சடங்கு அல்ல. முடிந்ததும் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். மரத்திருக்கும் தொண்டையில் தண்ணீர்கூடப் புரை ஏறும்.

வெளியே வரும் முன் கேளுங்கள்: “நாக்கடி, டான்சில் பள்ளம், பைரிஃபார்ம், குரல்நாண் நாலும் தெளிவா தெரிஞ்சதுங்களா டாக்டர்? விரல்ல தடவிப் பாத்தீங்களா?” இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லைங்க.

இனி, எவையெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது என்று சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை ஈடாகாது. தொண்டைக் கேன்சரைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை என்று நம்பி எடுக்கத்தக்கது எதுவும் இல்லை. உங்கள் “எல்லாம் நார்மல்” ரிப்போர்ட் இந்த வலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டார்ச் அடித்து “தொண்டை சிவந்திருக்கு” என்பது ஈடாகாது. டார்ச் வெளிச்சம் டான்சிலோடு நின்றுவிடும், நாக்கடி வளைவுக்குக் கீழே போகாது. வயிற்றுக்குச் செய்யும் எண்டோஸ்கோப்பியும் ஈடாகாது. “குழாய் விட்டுப் பாத்தாச்சு” என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், ஆனால் அந்தக் குழாய் தொண்டையை நொடியில் கடந்து உணவுக் குழாய்க்குப் போய்விடும். கழுத்து அல்ட்ராசவுண்ட் கழலைகளைக் காட்டும், குரல்வளைப் பள்ளத்தைக் காட்டாது. சி.டி. எடுத்தால் மருந்து ஏற்றி எடுக்க வேண்டும், அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அப்போதும்கூடத் தோல் மட்டத்தில் மெல்லிசாகப் படர்ந்த புண் சி.டி.யில் தெரியாமல் போகலாம். ஸ்கோப் மேற்பரப்பைப் பார்க்கிறது, ஸ்கேன் ஆழத்தைப் பார்க்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

மருந்துக் கடையில் போடும் ஸ்டீராய்டு ஊசி இன்னொரு வில்லங்கம். வீக்கம் வடிந்து ஒரு வாரம் வலி குறையும், “சரியாப் போச்சு” என்று தோன்றும். உள்ளே காரணம் அப்படியே இருக்கும். கட்டியைச் சுற்றிய வீக்கமும் ஸ்டீராய்டுக்குக் குறையும் என்பதால் வலி குறைந்ததை வைத்து முடிவு செய்யவே கூடாது.

கழுத்தில் கழலை இருந்தால் முதலில் மெல்லிய ஊசியால் செல் உறிஞ்சி எடுக்கும் எப்.என்.ஏ.சி. செய்வதுதான் முறை. “ஊசி குத்தினா பரவிடும்” என்று சொல்லி இதைத் தள்ளிப்போட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இந்த மெல்லிய ஊசியால் தொண்டைக் கேன்சர் பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை. தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது வளர்கிறது. உண்மையில் பயப்பட வேண்டியது வேறு: தொண்டையைப் பார்க்காமலே கழுத்தைக் கீறிக் கழலையை வெட்டி எடுப்பது. அது கேன்சர் கழலையாக இருந்தால் பின்னால் செய்ய வேண்டிய முழு ஆபரேஷனை அந்தத் தழும்பு சிக்கலாக்கிவிடும். யாராவது நேராக “கட்டியை எடுத்துடலாம்” என்றால், ஸ்கோப்பும் ஊசிப் பரிசோதனையும் முடிந்ததா என்று கேளுங்கள்.

ஸ்கோப்பில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் பயாப்சி, அதாவது துளி சதை எடுத்துச் சோதிப்பது. டான்சில், வாய்ப் பகுதி என்றால் மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கலாம். ஆழமான இடம் என்றால் மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்து எடுப்பார்கள். முடிந்தால் ஸ்கேனை பயாப்சிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, சதை எடுத்த இடத்தின் வீக்கம் படத்தைக் குழப்பாது. பயாப்சியில் “கேன்சர் இல்லை” என்று வந்தும் பார்க்கும்போது சந்தேகம் போகவில்லை என்றால் இரண்டாவது தடவை ஆழமாக எடுப்பார்கள். அப்படிச் சொன்னால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள், அதுதான் முறையான வேலை.

கேன்சர் என்றே வந்தாலும் அடுத்த வழி இருக்கிறது. ஆரம்ப நிலையில் ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்றே பெரும்பாலும் போதும். முற்றிய நிலையில் இரண்டும் சேர்த்தோ, கதிர்வீச்சோடு கீமோவோ கொடுப்பார்கள். முழுக் கதிர்வீச்சு என்பது வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம், 33 முதல் 35 தடவை. அதற்கு முன் கெட்ட பற்களைப் பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. குரல்நாணில் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். வெறும் குரல் கம்மலோடு சீக்கிரம் வந்து காட்டியவர்கள் அவர்கள்.

எங்கே போவது? திருப்பூர், கோவை, ஈரோடு, பெருந்துறை, சேலம், கரூர், நாமக்கல் என்று நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு காலை ஓ.பி.யில் இருக்கிறது. உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, கேன்சர் ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ எல்லாம் அதில் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் முடிவான பிறகு அலைவதைவிட இப்போதே கார்டு போட்டு வைப்பது நல்லது.

ஈரோடு உள்ளிட்ட சில மாவட்டங்களில் 2023-இல் அரசு வீடு தேடி அழைத்து வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யத் தொடங்கியது. கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ஆனால் அது வாயைப் பார்க்கும் பரிசோதனை. அதில் “நார்மல்” என்று சொன்னாலும் தொண்டைக்குள் இருக்கும் இந்த வலிக்கு ஸ்கோப்தான் பதில் சொல்லும்.

டாக்டரைப் பார்க்கும் வரை: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு நாளுக்கு மூன்று நான்கு தடவை கொப்பளியுங்கள். வலி அதிகமானால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஈரல் கோளாறோ தினக் குடியோ இல்லை என்றால். மஞ்சள் மிளகுப் பால் இதமாக இருந்தால் குடியுங்கள், அதை மருந்து என்று எண்ணி நாள் கடத்தாதீர்கள். தொண்டைக்குள் சுண்ணாம்பு தடவுவது, உள்நாக்கு விழுந்துவிட்டது என்று விரல் விட்டுத் தூக்குவது, கழுத்தை நீவி விடுவது மூன்றும் வேண்டாம். வெத்தலை பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, இந்த வலியில் பாதி நாளை அதுதான் தின்கிறது. கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களுக்கு நாக்கின் பின்பக்கம் பெரிய பருக்கள் வரிசையாகத் தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு வரை, கவிழ்த்த ‘வி’ போல நிற்கும் அவை எல்லோருக்கும் இருக்கும் சுவை மொட்டு மேடுகள். நாக்கின் பின் ஓரத்தில் தெரியும் சிவந்த மடிப்புகளும் அப்படித்தான். தாடைக்குக் கீழே குரல்வளைக்கு மேலே லாட வடிவில் ஓர் எலும்பு இருக்கிறது. அதன் முனையை அழுத்திவிட்டுக் “கட்டி” என்று நடுங்குகிறவர்கள் நிறைய. அழுத்தும் இடத்தில் துடித்தால் அது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய். நாளுக்கு ஐம்பது தடவை அழுத்தினால் நல்ல சுரப்பியும் வீங்கும், வலிக்கும். வறட்டு விழுங்கலைத் திரும்பத் திரும்பச் செய்தால் தொண்டைத் தசை பிடித்துக்கொள்ளும். அப்படி வரும் வலி கேன்சர் வலி என்ற நம்பிக்கையை இன்னும் இறுக்கும்.

அதற்குப் பதில் ஒரு நோட்டில் வாரம் ஒரு நாள் மட்டும் எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எந்தச் சாப்பாடு சிக்கியது, ஒரே தராசில் எடை எவ்வளவு. டாக்டருக்கு அந்த நான்கு வரி, நீங்கள் செல்போனில் படித்த நாற்பது பக்கத்தைவிட உதவும். பரிசோதனை சுத்தமாக வந்த பிறகும் பயம் தூங்க விடவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஸ்கோப்பில் எதுவும் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. பல் டாக்டரிடம் ஓ.பி.ஜி. எடுத்துப் பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் அதே தொண்டை டாக்டரிடம் திரும்பப் போங்கள். வலி அப்படியே இருந்தால் அப்போது மருந்து ஏற்றிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கேட்பது நியாயம், நாக்கடியைப் பார்க்க எம்.ஆர்.ஐ. தெளிவு. இடையில் கழலையோ, ரத்தமோ, சாப்பாடு சிக்குவதோ புதிதாக வந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது பழைய சீட்டுகள், சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மாமனாரோ மச்சானோ கூட வந்தால் போயிலை, குடி பற்றிக் கேட்கும்போது “இல்லீங்க” என்று சொல்லிவிடத் தோன்றும். அவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எத்தனை வருஷம், நாளுக்கு எத்தனை தடவை, எந்தக் கன்னத்தில் ஒதுக்குவீர்கள் என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.